ஒரு காபிகூட வாங்கித் தரக் கூடாது

2010 ஆகஸ்டில் எனக்கு ஒரு பகுதிநேர வேலை கிடைத்தது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். நான் அங்கே புள்ளியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு வீரர்களுக்கு அடிப்படைப் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை, மணிக்கு 12 டாலர். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய கல்விக்கடன் பன்னிரண்டு லட்சம் ஊரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. 12 டாலர் என்றதும் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு உடனே சரி என்றேன்.

சேருவதற்கு முன்னால் ஒரு மணி நேரப் பயிற்சி வைத்தார்கள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசுவார்கள் என நினைத்துப் போனேன். பேசியது முழுக்க என்னென்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றி. கட்டுரை எழுதிக் கொடுக்கக் கூடாது, வீட்டுப்பாடத்தைத் தட்டச்சு செய்து கொடுக்கக் கூடாது. இதெல்லாம் நியாயம். அப்புறம் வந்தவை வேறு மாதிரி இருந்தன. கடன் கொடுக்கக் கூடாது. சாப்பாடு வாங்கித் தரக் கூடாது. பிறந்தநாளுக்குப் பரிசு கூடாது. காரில் ஏற்றிக்கொண்டு போய் விடக் கூடாது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கையைத் தூக்கி, காபி வாங்கித் தரலாமா என்று கேட்டாள். ஒரு காபிகூடக் கூடாது என்றார்கள். மீறினால் எங்கள் வேலை போகும், அந்த மாணவன் ஆடும் தகுதியையே இழக்கலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவன் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரன். ஆறடி நாலங்குலம், 130 கிலோ. பெயரை எழுதப் போவதில்லை. தெற்கே ஒரு சிறு ஊரிலிருந்து வந்தவன், கறுப்பின இளைஞன், இரண்டாமாண்டு. திட்ட விலக்கம் என்ற கருத்து மூன்று வாரமாக அவனுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் அவனுடைய சக வீரர்கள் நாற்பது கெஜம் ஓடிய நேரங்களையே எண்களாக எழுதச் சொன்னேன். இருபது பேரின் நேரத்தை மனப்பாடமாக எழுதினான். சராசரி எங்கே, யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று அவனே எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டான். பாடம் நடத்தி எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியாது.

அவனுக்குப் பொறியியல் படிக்க ஆசை. ஆய்வக வகுப்புகள் பிற்பகலில் வரும், பயிற்சியும் பிற்பகலில்தான். ஆகவே பயிற்சியோடு மோதாத ஒரு பட்டப்படிப்பில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

எங்கள் இருவருக்கும் ஒரு பொதுவான எண் இருந்தது, இருபது. வெளிநாட்டு மாணவனான நான், விசா விதிப்படி, கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, அவனும் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்குச் செலவிடக் கூடாது. என்னுடைய இருபது நிஜமான இருபது. அவனுடையது காகிதத்தில் மட்டும். ஆட்ட நாள் முழுவதும், அது எத்தனை மணி நேரம் நீண்டாலும், கணக்கில் 3 மணி நேரம். பயணம் கணக்கில் வராது. 'விருப்பத்தின் பேரில்' செய்யும் எடைப் பயிற்சி கணக்கில் வராது. அந்த விருப்பப் பயிற்சிக்கு வராதவன் சனிக்கிழமை மைதானத்தில் இறங்க மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் 2014-ல் தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது, தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி இதை விசாரித்து எழுதினார்: ஆட்டக் காலத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம். முழுநேர வேலை செய்யும் ஆள் அதைவிடக் குறைவாகத்தான் உழைக்கிறான்.

டிசம்பரில் ஒரு ராத்திரி. பாடம் முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, காற்றும் சேர்ந்துகொண்டது. பல்கலைக்கழகப் பேருந்து அந்த நேரத்தில் மணிக்கு ஒன்றுதான், அதுவும் போய்விட்டிருந்தது. நான் அறைத் தோழர்களோடு சேர்ந்து வாங்கிய பழைய டொயோட்டாவைக் கிளப்பிக்கொண்டு சாலைக்கு வந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தான். விடுதி இரண்டு மைல். வேகத்தைக் குறைத்தேன். அவன் திரும்பிப் பார்த்து கையை ஆட்டினான். நானும் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமைகளில் அங்கே லட்சம் பேர் அமரும் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் இன்றைக்கு 1,07,601 இருக்கைகள். பென்சில்வேனியா, ஓஹாயோ, டென்னசி அரசுப் பல்கலைக்கழக மைதானங்களும் லட்சத்தைத் தாண்டும். ஒரு நகரமே கூடி அவன் உடம்பு மோதுவதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். நான் அவனை இரண்டு மைல் தூரம் கொண்டுபோய் விட்டால் ஊழல்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இவர்கள் மேல் பரிதாபம் எதுவும் இல்லை. பொறாமைதான். படிப்பு இலவசம், தங்குவது இலவசம், சாப்பாடு இலவசம். நான் இங்கே வந்துசேர என் குடும்பம் வீட்டை அடமானம் வைத்திருக்கிறது. இதற்கு மேல் இவர்களுக்குச் சம்பளம் வேறா என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் இந்த விஷயத்தை நம் ஊர் நண்பர்களிடம் பேசினால் முதலில் வருவது இதுதான்: "இலவசப் படிப்பே பெரிய சம்பளம்தானேப்பா."

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கடிதம். 2011 வசந்தகாலப் பயிற்சியில் அவனுக்கு வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சையைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொண்டது. கோடையில் கடிதம் வந்தது: அடுத்த ஆண்டுக்கு உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை. 1973-லிருந்து விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்குத்தான், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நான்காண்டுக்கும் சேர்த்துத் தருவதற்கு என்சிஏஏ மறுபடி அனுமதித்தது 2012-ல். அவனுக்கு அது ஒரு வருஷம் தாமதம். புதிய பயிற்சியாளருக்குப் புதிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவ்வளவுதான்.

ஸ்காலர்ஷிப்பைத் தமிழில் உதவித்தொகை என்கிறோம். உதவி என்பது கொடுப்பவர் மனசு வைத்துக் கொடுப்பது, நிறுத்தினால் கேட்க முடியாது. கூலி அப்படியல்ல. வேலை செய்தவன் கேட்டு வாங்கலாம், தராவிட்டால் சண்டை போடலாம், வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கோரலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் எழுபது வருஷமாக நடக்கும் சண்டை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் நடப்பது என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

1955-ல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணியில் ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டார். கல்லூரிக்காக ஆடியவர், அதற்காகக் கல்லூரி அவருக்கு உதவித்தொகை கொடுத்தது, ஆகவே அவர் வேலையில் இறந்தார் என்பது அந்தப் பெண்ணின் வாதம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. 1957-ல் தீர்ப்பு: கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, நஷ்டஈடு கிடையாது.

என்சிஏஏ-வின் முதல் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸ். 1951 முதல் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த அமைப்பை ஆண்டவர். இப்படி வழக்குகள் வரக்கூடும் என்ற பயத்தில்தான் 'ஸ்டூடன்ட் அத்லெட்', அதாவது மாணவ விளையாட்டு வீரர், என்ற சொல்லை உருவாக்கி எல்லாக் கல்லூரிகளையும் பயன்படுத்தச் சொன்னார்கள். வீரர் என்று எழுதாதே, ஆட்டக்காரர் என்று எழுதாதே, மாணவ விளையாட்டு வீரர் என்றே எழுது. ஓய்வுபெற்ற பிறகு பையர்ஸ் இதைத் தானே எழுதி ஒப்புக்கொண்டார். அதுமட்டுமல்ல, வீரர்களுக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்ற பக்கத்துக்கே வந்துவிட்டார். இந்தச் சொல் எவ்வளவு வலுவானது என்பதற்கு இன்னொரு வழக்கு: 1974-ல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக ஆடும்போது கழுத்து முறிந்து உடல் செயலிழந்த கென்ட் வால்ட்ரெப். இருபது வருஷத்துக்கு மேல் கழித்தும் நீதிமன்றத்தில் அவர் தோற்றார். அவர் ஊழியர் அல்ல, மாணவர்.

பணம் வேண்டாம், தூய விளையாட்டு என்பது ஆதியிலிருந்து வந்த மரபு என்று சொல்வார்கள். அமெரிக்காவின் முதல் கல்லூரிப் போட்டி 1852-ல், ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. நியூ ஹாம்ப்ஷையரில் வின்னிபெசாக்கி ஏரியில் நடந்தது. மாணவர்களின் செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பெனி. ஏரிக்கரைக்கு ரயிலில் கூட்டம் வரட்டும் என்று. முதல் நாளிலேயே விளம்பரதாரர் இருந்தார்.

அந்த மரபைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைப் படித்தால் கோபம் வருகிறது. நான் பாடம் நடத்திய அதே 2010-ல் ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர் ஏ.ஜே. கிரீன் தான் அணிந்து ஆடிய சட்டையை 1,000 டாலருக்கு விற்றார் என்று நான்கு ஆட்டம் வெளியே உட்கார வைத்தார்கள். அவர் எண் போட்ட சட்டைகள் பல்கலைக்கழகக் கடையில் விற்றுக்கொண்டிருந்தன. ஓஹாயோ வீரர்கள் தங்கள் பரிசுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டதற்காகத் தண்டனை பெற்றார்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மூன்று வீரர்கள் பட்டமளிப்பு விருந்தொன்றில் அளவுக்கு மேல் பாஸ்தா சாப்பிட்டதாகப் பல்கலைக்கழகமே பதிவு செய்து, ஆளுக்கு 3 டாலர் 83 சென்ட்டை அறக்கட்டளைக்குக் கொடுக்கச் சொன்னது. 2014-ல் கனெக்டிகட் அணி கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வென்றபோது அதன் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகளில் பட்டினியாகப் படுத்திருக்கிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அவர் ஆடிய அந்தப் போட்டித் தொடரின் ஒளிபரப்பு உரிமை 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலர். அவர் சொன்ன சில நாட்களில், சாப்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்க என்சிஏஏ முடிவெடுத்தது. சில நாளில் நீக்க முடிந்த விதி அத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

சரி, படிப்புதான் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளமாவது முழுசாகக் கொடுக்கப்பட்டதா? வட கரோலினா பல்கலைக்கழகம், சேப்பல் ஹில். அமெரிக்காவின் சிறந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. அங்கே 18 ஆண்டுகளாக வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன, ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல மதிப்பெண் வரும், சுமார் 3,100 மாணவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. ஒரு ஆசிரியனாக எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது. பணம் தரவில்லை என்றால் தரவில்லை. படிப்பைத் தருகிறோம் என்று சொல்லி அதைப் போலியாகத் தருவது திருட்டு.

கதவு திறந்தது ஒரு வீடியோ கேமில். எட் ஓபேனன், 1995-ல் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ அணி தேசியப் பட்டம் வாங்கியபோது அதன் நாயகன். பிறகு தொழில்முறை ஆட்டம் பெரிதாக அமையவில்லை, லாஸ் வேகஸ் பக்கத்தில் கார் விற்கும் வேலை பார்த்தார். 2009 வாக்கில் நண்பர் வீட்டில் ஒரு சிறுவன் விளையாடிய கேமில் தன்னைக் கண்டார். அதே மொட்டைத் தலை, அதே இடது கை, சட்டையில் அதே எண் 31. பெயர் மட்டும் இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை, ஒரு சென்ட்டும் கொடுக்கவில்லை. வழக்குப் போட்டார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன், என்சிஏஏ விதிகள் வணிகப் போட்டிச் சட்டத்தை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தார். அதற்குப் பின்னால், வீரர்களுக்குத் தரும் கல்விச் சலுகைகளுக்கு இருந்த வரம்பை எதிர்த்து வந்த ஆல்ஸ்டன் வழக்கில், 2021 ஜூனில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்சிஏஏ-வுக்கு எதிராக நின்றார்கள். அடிக்கடி இரண்டாகப் பிரிந்து நிற்கும் அந்த நீதிமன்றத்தில் இது சாதாரண விஷயமில்லை. நீதிபதி கேவனா தனியாக எழுதிய கருத்து இன்னும் கடுமை. ஊழியர்களுக்கு நியாயமான ஊதியம் தராமல் இருப்பதுதான் எங்கள் பொருளின் சிறப்பு என்று அமெரிக்காவில் வேறு எந்தத் தொழிலும் சொல்லித் தப்பிக்க முடியாது என்றார்.

அடுத்த மாதம், 2021 ஜூலை 1-லிருந்து, வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. என்ஐஎல் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியா 2019-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது, மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன, வேறு வழியில்லாமல் என்சிஏஏ இறங்கி வந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இதிலும் பெரும்பாலும் இடமில்லை. நான் வைத்திருந்த அதே விசாதான் அவர்களுக்கும், வெளியே சம்பாதித்தால் விசா பறிபோகும். சென்னையில் பயிற்சி பெற்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் தேசிய ஒற்றையர் டென்னிஸ் பட்டம் வென்ற சோம்தேவ் தேவ்வர்மன், கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டலில் பட்டம் வாங்கிய, டெல்லித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், இவர்களைப் போல இன்றைக்கு அங்கே போகிறவர்கள் பக்கத்து லாக்கர்க்காரன் விளம்பரத்தில் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த ஓட்டையைப் பற்றி அங்கே பேசுபவர்கள் குறைவு.

அப்புறம் 2025 ஜூன் 6. அதே நீதிபதி வில்கன், தங்களுக்கு உரிய பணம் கேட்டு என்சிஏஏ மேல் வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். இனிமேல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். வழக்கில் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸ், இன்னொருவர் கூடைப்பந்து வீராங்கனை செடோனா பிரின்ஸ். 2021-ல் பெண்கள் போட்டிக்கு வைத்திருந்த உடற்பயிற்சி வசதி ஒரே ஒரு டம்பெல் அடுக்கு, ஆண்களுக்கு ஒரு மண்டபமே நிறைய கருவிகள் என்று வீடியோ எடுத்துப் போட்டு உலகத்துக்குக் காட்டியவர் இவர்தான். ஆனால் அந்தச் சமரசத்திலேயே பழைய பாக்கியின் பெரும்பகுதி ஆண்கள் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிச் சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் கேட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

பணம் கொடுத்தால் சிறிய விளையாட்டுகள் செத்துப்போகும் என்று ஒரு வாதம் உண்டு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் ஒலிம்பிக் பதக்கங்களில் பெரும்பகுதி கல்லூரி நீச்சல் குளங்களிலும் ஓடுதளங்களிலும் விளைந்தவை. ஃபுட்பால் பணம்தான் அவற்றை நடத்துகிறது. புதிய முறை வந்த பிறகு சில கல்லூரிகள் டென்னிஸ், நீச்சல் அணிகளைக் கலைக்கவும் செய்தன. ஆனால் பணம் இல்லை என்று சொல்லும் கணக்கை முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தம் மீதமிருந்ததால், பயிற்சி தராமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். கிளெம்சன் பல்கலைக்கழகம் 5.5 கோடி டாலரில் கட்டிய ஃபுட்பால் கட்டடத்தில் ஒரு சறுக்குமரமும் மினி கோல்ஃபும் இருக்கின்றன. பல மாநிலங்களில் ஆளுநரைவிட, எந்தப் பேராசிரியரைவிடவும், அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். நல்ல ஆட்டக்காரனை இழுக்கப் பணம் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டால், அந்தப் பணம் எங்கேயாவது வழிந்துதானே ஆக வேண்டும்? பயிற்சியாளர் சம்பளமாகவும் பளிங்குக் கட்டடமாகவும் வழிந்தது. பிள்ளைகள் கையைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது.

என்சிஏஏ-வில் சுமார் 1,100 கல்லூரிகள், ஐந்து லட்சத்துக்கு மேல் வீரர்கள். இவற்றில் விளையாட்டால் லாபம் பார்ப்பவை சில டஜன்தான். என்சிஏஏ-வின் மூன்று பிரிவுகளில் கடைசியான மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, பிள்ளைகள் ஆசைக்கு ஆடுகிறார்கள், பெற்றோர்களும் நண்பர்களும் கைதட்டுகிறார்கள். அங்கே போய்ச் சம்பளம் என்று நான் கேட்க மாட்டேன். எங்கே ஒருவனுடைய நேரத்தையும் உடம்பையும் படிப்பையும் இன்னொருவர் முடிவு செய்து, அதைத் தொலைக்காட்சிக்கு விற்கிறாரோ, அங்கே அவன் வேலைக்காரன். என் கேள்வி அந்த இடத்தைப் பற்றியது மட்டும்தான்.

ஆகவே ஹவுஸ் சமரசத்தைக் கேட்டு நண்பர்கள், நீ நினைத்தது நடந்துவிட்டதே என்று எழுதியபோது என்னால் முழு மனசோடு சந்தோஷப்பட முடியவில்லை. கொடுக்கும் பணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பளம் என்று வைக்கவில்லை. உன் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த நாங்கள் தரும் உரிமத் தொகை என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பையன் சுயதொழில் செய்பவன் போல வரி கட்ட வேண்டும். ஊழியன் இல்லை என்பதால் வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு இல்லை, சங்கம் வைத்துப் பேரம் பேச முடியாது. உச்சவரம்பை வீரர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தொழில்முறை ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் உச்சவரம்பு உண்டு, ஆனால் அங்கே சங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறது, வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி வீரர்களுக்குப் போகிறது. இங்கே கணக்கிட்டது பெரிய பல்கலைக்கழகங்களின் சராசரி வருமானத்தில் 22 சதவீதம். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட ஸ்கோர் சட்ட மசோதா, கல்லூரி வீரர்கள் ஊழியர்கள் ஆகவே முடியாது என்று எழுதி வைக்கப் பார்க்கிறது. 1955-ல் இறந்த ரே டெனிசனின் மனைவி வந்து நின்ற அதே வாசல். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவை மூடுகிறார்கள்.

டார்ட்மத் கல்லூரியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே விளையாட்டு உதவித்தொகைகூடக் கிடையாது. கூடைப்பந்து அணியில் இருந்த ஒரு மாணவர் கல்லூரி உணவகத்தில் பகுதிநேர வேலையும் பார்த்தார். அந்த உணவக வேலைக்கு மாணவர்கள் சங்கம் வைத்திருந்தார்கள், சம்பளம் உயர்ந்திருந்தது. தட்டுக் கழுவினால் ஊழியன், பந்து ஆடினால் இல்லையா என்று அணியே கேட்டது. 2024 பிப்ரவரியில் தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி, நீங்கள் ஊழியர்கள்தான் என்றார். மார்ச் 5-ல் வாக்கெடுப்பு: சங்கத்துக்கு ஆதரவு 13, எதிர்ப்பு 2. கல்லூரி பேசவே மறுத்தது. ஆட்சி மாறி வாரியமும் மாறப்போகிறது என்ற நிலையில், எதிரான தீர்ப்பு வந்து எல்லோருக்கும் கதவு அடைபட்டுவிடக் கூடாது என்று அந்த ஆண்டின் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தப் பதினைந்து பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கோடிகள் கேட்கவில்லை அவர்கள். கேட்டது ஒரு சொல்.

நான் நண்பர்களிடம் சொல்வதும் அதுதான். நட்சத்திரங்களுக்கு இனிமேல் எப்படியும் பணம் வந்துவிடும். எனக்குக் கவலை முன்வரிசையில் நின்று மோதும் பையனைப் பற்றி. டிவியில் அவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அவன் சட்டையை யாரும் வாங்க மாட்டார்கள், அவன் முகத்துக்கு உரிமத் தொகை தர யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். அவனுக்கு வேண்டியது சம்பளச் சீட்டு, காயத்துக்குக் காப்பு, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஒரு முதலாளி. 2024 ஆகஸ்டிலிருந்து, ஆடி முடித்த பிறகும் இரண்டு வருஷம்வரை பழைய காயத்துக்கு என்சிஏஏ காப்பீடு தருகிறது. நல்லதுதான். ஆனால் முழங்கால் இரண்டு வருஷத்தோடு வலிப்பதை நிறுத்திக்கொள்வதில்லை.

சமரசம் வந்த வாரம் அவனுக்கு எழுதினேன். நடுவில் எப்போதாவது பிறந்தநாள் வாழ்த்து போய் வரும், அவ்வளவுதான் தொடர்பு. பழைய பாக்கி 2016-க்குப் பின்னால் ஆடியவர்களுக்குத்தான், அவனுக்கு எதுவும் வராது என்று எனக்கே தெரியும். கேட்கத் தோன்றியது. அவன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் படித்து முடித்து, இப்போது ஒரு மின் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு பெண் குழந்தைகள். பணத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தான்: இப்போது ஆடும் பிள்ளைகளுக்கு வருகிறதே, அதுவே சந்தோஷம்.

அந்த டிசம்பர் ராத்திரியை நான் ஞாபகப்படுத்தினேன், காரை நிறுத்தாமல் போனதை. நீ நிறுத்தியிருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன் என்று பதில் வந்தது, எங்களுக்கும் அதே பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அப்புறம் இன்னொரு செய்தி அனுப்பினான். அதே வலது முழங்காலுக்கு அடுத்த மாதம் மறுபடி அறுவை சிகிச்சை. ஆறு வாரம் நடக்கக் கூடாதாம். வேலை செய்யும் இடத்தில் மருத்துவ விடுப்பு கொடுத்துவிட்டார்கள், சம்பளத்தோடு.